கத்திரியக்காவின் இரண்டு இனங்கள்

எங்கள் விலங்குக் காட்சிசாலையில் பறவைகள் இருக்கும் ஏரிக்கு வலை கிடையாது. பார்க்க வருகிறவர்கள் "எவ்வளவு சுதந்திரமா விட்டிருக்காங்க பாரு" என்று பூரித்துப்போவார்கள். அவை ஏன் பறந்து போகவில்லை என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கத்திரியக்காவைக் கைகாட்டியிருப்பேன்.

அக்காவுக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் பணியாளர் பதிவேட்டில் இருக்கிறது. அந்தப் பதிவேட்டை எழுதுகிறவனே நான்தான். இருந்தாலும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவர் திரும்பிப் பார்க்க மாட்டார். இருபத்தாறு வருடமாக அவருடைய வேலை சிறகு வெட்டுவது. பறவைகள் பழைய இறகை உதிர்த்துப் புது இறகு விட்டதும், ஒவ்வொன்றாகப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கி, இடது சிறகை விரித்து, நுனியில் இருக்கும் நீண்ட இறகுகளை மட்டும் நறுக்குவார். ஒரு பக்கம் குறைந்தால் போதும், பறவை எழும்பினாலும் சாய்ந்து தண்ணீரிலேயே விழுந்துவிடும். நகம் வெட்டுகிற மாதிரிதான், வலிக்காது என்பார் எங்கள் மருத்துவர். அவருக்குச் சிறகு இருந்ததில்லை.

என் அறை ஏரிக்கரையில், தீவனக் கிடங்கை ஒட்டி இருந்தது. தவிட்டு வாடை சட்டையில் ஏறினால் வீடுவரை கூட வரும். சுவர் முழுக்க இரும்பு அலமாரிகள்; அவற்றில் ஒவ்வொரு உயிருக்கும் ஒரு பக்கம். வகுப்பு, வரிசை, குடும்பம், இனம், வாழிடம் என்று கட்டம் கட்டமாக நிரப்புவேன். வெளியே நிற்கும் பலகைகளின் வாசகமும் என்னுடையதுதான். வரித்தலை வாத்துக்கு எழுதியது இன்னும் மனப்பாடமாக இருக்கிறது: 'தலையின் பின்புறம் இரண்டு கறுப்பு வரிகள். காற்று மெலிந்த உயரத்திலும் சுவாசிக்க ஏற்ற பெரிய நுரையீரல். பனிமலைகளைத் தாண்டிப் பறக்கும்.' அந்தப் பலகைக்குப் பின்னால் முழங்கால் ஆழத் தண்ணீரில் அது சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருக்கும். எனக்கு அது உறுத்தவில்லை. எழுதச் சொன்னார்கள், எழுதினேன்.

அக்கா என் கட்டங்களைப் பார்த்துச் சிரிப்பார். "இத்தனை எதுக்கு தம்பி? என்னைக் கேட்டா ரெண்டே இனம்தான். வளர்றது, வளராதது."

வெட்டிய இறகு அடுத்த வருடம் வளர்ந்துவிடும். அது முதல் இனம். ஏரியிலேயே பொரித்த குஞ்சுகளுக்கு மூன்றாம் நாள் சிறகு நுனியின் எலும்பையே எடுத்துவிடுவது வழக்கம். அது வளராது; பிறகு வருடா வருடம் பிடிக்கிற வேலையும் இல்லை. அக்கா இதைச் சொல்லும்போது முகத்தில் சிரிப்பு இருக்காது.

எங்களிடம் ஒரு வரித்தலை ஜோடி இருந்தது. பெட்டை, கால் அடிபட்டு வெளியிலிருந்து வந்தது. வருடா வருடம் வெட்டுகிற இனம். ஆண் இங்கேயே பொரித்தது. பதினோரு வருடத்துக்கு முன்பு அதன் எலும்பை எடுத்தது அக்காவின் கை. குளிர்காலத்தில் காட்டு வாத்துகள் கூட்டமாக எங்கள் ஏரியில் இறங்கும். குளிர் முடிந்து அவை கிளம்புகிற நாளில் இந்த ஜோடியும் தண்ணீர்மேல் ஓடும். சிறகடித்தபடி ஏரியின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஓடி, கரையில் முட்டி நிற்கும். அன்றைக்கு மட்டும் அக்கா தீவனக் கிடங்கின் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார்.

ஒரு வருடம், வெட்டு முடிந்த அன்று என் மேசைக்கு வந்தார்.

"தம்பி, அந்தப் பெட்டையை மட்டும் வெட்டலை. வெட்டியாச்சுன்னு நீ டிக் போட்டுடு."

"மாட்டினா உங்க வேலை போயிடும் அக்கா. கூடவே என் வேலையும்."

"எனக்கு இன்னும் ரெண்டு வருஷம்தான். நான் இங்கேருந்து போறதுக்குள்ள ஒண்ணாவது போகட்டுமே."

போட்டேன். அவசரத்தில் அந்த டிக் கோணலாக விழுந்தது.

குளிர் முடிந்தது. கூட்டம் கிளம்பிய காலையில் அக்கா கதவைச் சாத்தவில்லை. ஜோடி வழக்கம்போல ஓடியது. பாதி ஏரியில் பெட்டை எழும்பியது. சாயவில்லை. ஒரு வட்டம் அடித்துக் கூட்டத்தோடு சேர்ந்து மரங்களுக்கு அப்பால் மறைந்தது. அக்கா முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு அழுதார்.

ஆண் மறுகரையில் முட்டி நின்றது. அப்படியே நின்றது. அன்று முழுக்கத் தீவனத்தைத் தொடவில்லை, மறுநாளும் தொடவில்லை. அக்கா தண்ணீரில் இறங்கித் தானியத்தை அதன் அலகுக்குக் கீழேயே தூவிப் பார்த்தார். மூன்றாம் நாள், "நான் நல்லது பண்றேன்னு கிளம்பி அதோட குடியைக் கெடுத்துட்டேன் தம்பி" என்றார். அவரும் சாப்பிட்டதாகத் தெரியவில்லை.

நான்காம் நாள் காலை பெட்டை தனியாகத் திரும்பி வந்து ஆணுக்குப் பக்கத்தில் இறங்கியது.

அந்தக் கோடையில் அது முட்டையிட்டு நான்கு குஞ்சு பொரித்தது. பொரித்த மறுநாள் தலைமை அலுவலகத்திலிருந்து ஆய்வு அதிகாரி வந்தார். எங்கள் போதாத வேளை, கூட்டருகே வந்த காக்கையை விரட்டிக்கொண்டு பெட்டை ஏரியின் குறுக்கே அவர் கண்ணெதிரில் பறந்தது.

"முழுச் சிறகோட இருக்கே. இது போகலையா?" என்று கேட்டார்.

"போச்சு சார். திரும்பி வந்துடுச்சு" என்றேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "பாத்தீங்களா? நம்ம இடம் அவ்வளவு பிடிச்சிருக்கு. பலகையில சேத்துடுங்க. 'விரும்பியே இங்கு வாழ்கின்றன.'"

தலை தப்பியது என்று பேனாவைத் திறந்தேன். அக்கா பேசாமல் இருந்திருந்தால் எல்லாம் அத்தோடு முடிந்திருக்கும். அவர் ஏரியில் இறங்கினார். ஆணைப் பிடித்துக் கக்கத்தில் இடுக்கி வந்து, அதிகாரியின் முன்னால் இடது சிறகை விரித்தார். பாதியில் மொட்டையாக நின்றது சிறகு.

"இதையும் எழுதச் சொல்லுங்க சார். மூணு நாள் குஞ்சா இருக்கும்போது நான் வெட்டினது. அந்தப் பெட்டை உங்க ஏரிக்காக வரலை, இவனுக்காக வந்துச்சு. அதை இந்த வருஷம் நான் வெட்டாம விட்டேன். தப்பு என்னோடது, தம்பிக்கு எதுவும் தெரியாது. பொரிச்ச குஞ்சுங்களை மட்டும் விட்டுடுங்க."

நான் வாயைத் திறக்கவில்லை. கோணல் டிக் என் கையெழுத்தில் இருக்க, மரம் மாதிரி நின்றேன். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு என்மேல் ஆத்திரமாக வருகிறது.

அதிகாரி கத்தவில்லை. நாளையிலிருந்து அக்கா பறவைகளைத் தொடக் கூடாது, வாசலில் டிக்கெட் கிழிக்கட்டும் என்றார். குஞ்சுகளுக்கு வழக்கப்படி செய்யச் சொல்லி மருத்துவருக்கு ஓர் உத்தரவு எழுதி, அனுப்பிவிடும்படி என் மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் மருத்துவர் காகிதம் கைக்கு வராமல் ஓர் எறும்பைக்கூடத் தொட மாட்டார். நான் அந்தக் காகிதத்தை முதலைகளின் பதிவேட்டுக்குள் வைத்து அலமாரியைப் பூட்டினேன். மூன்றாவது வாரம் எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். "இப்போ எலும்பு முத்திடுச்சேய்யா. மயக்க மருந்து கொடுத்துப் பெரிய ஆபரேஷனா பண்ணணும். யாரு பண்றது?" என்று சலித்துக்கொண்டார். எனக்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. மறதி என்று பதில் எழுதினேன். புதிதாக வந்த சிறகு வெட்டுபவர் பெட்டையின் இறகைத் தவறாமல் நறுக்கினார். குஞ்சுகள் அவருடைய பட்டியலில் இல்லை. பட்டியல் தயாரித்தவன் நான்.

அடுத்த குளிர் முடிந்து கூட்டம் கிளம்பிய காலையில் வாசலுக்கு ஓடினேன். அங்கிருந்து ஏரி தெரியாது. சுவருக்கு மேலே கொஞ்சம் வானம் தெரியும். அக்கா ஒரு கையில் டிக்கெட்டை வைத்துக்கொண்டு மேலேயே பார்த்து நின்றார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள்.

"நாலுமா?"

"நாலும் போயிடுச்சு அக்கா."

"அதுங்க ரெண்டும்?"

"ஓடிப் பாத்துச்சு. இப்போ கரையில நிக்குது."

அக்கா தலையாட்டினார். முன்னால் நின்றவரின் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து, "ஏரி இடது பக்கம்" என்றார்.