பீரோவுக்குள் ரவுட்டர்

“கருவியைத் திறந்த இடத்தில், உலோகப் பொருட்களிலிருந்து தள்ளி வைக்கவும்.” ரவுட்டருடன் வந்த கையேட்டில் ஆறாம் பக்கம், நான்காம் விதி. பொருந்தியிருக்க வேண்டிய விதி அதுதான். நான் பொருத்தியது வேறொன்று.

கல்பாக்கத்தில், கதிர்வீச்சுப் பாதுகாப்பில், பணிக்காலம் முழுவதையும் கழித்தவன் நான். அங்கே எல்லோருக்கும் மனப்பாடமான பாடம் ஒன்று உண்டு: நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, நடுவே தடுப்பு வை. ஓய்வுபெற்று அணுபுரத்துக்குப் பக்கத்தில் வீடு கட்டியபோது அந்தப் பாடமும் கூடவே குடிவந்துவிட்டது.

எங்கள் தெருவுக்கு பிராட்பேண்ட் வந்த வருடம் அது. பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருந்து ஓய்வுபெற்ற என் மனைவிக்கு, சிங்கப்பூரிலிருந்து ஒரு மாணவி கிடைத்தாள். எட்டு வயது. சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு, கம்ப்யூட்டர் வழியாக முதல் வகுப்பு. ஓய்வுக்குப் பிறகு அவள் பாட்டைக் கேட்க நான் ஒருவன்தான் இருந்தேன். என்னை அவள் சபையாகக் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

என் அறைக் கம்ப்யூட்டரிலேயே பாடலாமே என்றேன்.

“உங்க ரூம்ல உக்காந்தா சுருதிகூட ஃபைல் வாடை அடிக்கும். நான் ஹால்லதான் பாடுவேன்.”

ஆகவே என் கம்ப்யூட்டருக்கு வயர். அவள் லேப்டாப்புக்கு வயரில்லா இணைப்பு. முறைப்படி எல்லாம் செய்தேன். தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்ட் ஊருக்கே தெரியும் என்பதால் பதினாறு எழுத்தில் புதிதாக ஒன்று வைத்து, உறையிலிட்டு ஒட்டினேன். அதன் பிறகுதான் உறைத்தது: இந்தப் பெட்டி இரவும் பகலும் அலைகளை வெளியிடப் போகிறது. தடுப்பு எங்கே?

என் அறை இரும்பு பீரோவின் முதுகில் துளை போட்டு, வயர்களை நுழைத்து, வீட்டுப் பத்திரத்துக்கும் பட்டுப்புடவைகளுக்கும் நடுவே ரவுட்டரை வைத்துப் பூட்டினேன். கையேட்டைப் பதிவேட்டில் ஏற்றி, கோப்பிலிட்டு, அதே பீரோவில் வைத்தேன். படிக்கவில்லை. அலைகளைப் பற்றி எனக்கே பாடமா?

என் கம்ப்யூட்டர் பறந்தது. ஹாலில் இருந்த லேப்டாப் ஒரே ஒரு கோடு காட்டியது. பிறகு வெட்கப்பட்டு அதையும் எடுத்துக்கொண்டது.

சனிக்கிழமைக்கு மூன்று நாள் இருந்தது. பொருள், பார்வை, இணைப்புகள் எல்லாம் குறித்து, தொலைபேசி அலுவலகத்துக்கு ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினேன். வெள்ளிக்கிழமை மாலை, தபாலுக்குச் சம்பந்தமில்லாமல், தலை நரைத்த ஒரு லைன்மேன் எதிர்க் கம்பத்தில் ஏறியிருந்தார். அவர் இறங்கியதும் என் மனைவியே போய்க் கூப்பிட்டாள்.

“கொஞ்சம் வந்து பாருங்கண்ணே. நாளைக்கு எனக்கு கிளாஸ்.”

அவர் ஹாலைச் சுற்றிப் பார்த்தார். “பொட்டி எங்கம்மா கீது?”

நான் சாவிக்கொத்தை எடுத்துவந்து பீரோவைத் திறந்தேன். அந்துருண்டை வாசனைக்குள் நான்கு பச்சை விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. அவர் விளக்குகளைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

“இன்னா சார் இது! நகை மாரி பூட்டி வச்சிக்கினு சிக்னல் வரலன்னா எப்டி சார் வரும்? எங்க வேல பாத்தீங்க?”

“பிளான்ட்ல.”

“அதான பாத்தேன். அங்க வெளிய வரக்கூடாது சார். இங்க வரணும்!”

“இத்தனை வருஷ சர்வீஸ் வீண்போகலண்ணே,” என்றாள் என் மனைவி. “தடுப்பு எவ்ளோ பிரமாதமா வேலை செய்யுது பாருங்க.”

ஹால் வாசலுக்கு மேலிருந்த மரப்பலகைக்கு ரவுட்டர் இடம் மாறியது. கோடுகள் எல்லாம் நிரம்பின. மறுநாள் காலை ஏழு மணிக்கு ஹாலிலிருந்து ‘ச ரி க ம’ கிளம்பியது. அரை நொடி பிந்தி, சிங்கப்பூரிலிருந்து மெல்லிய குரலில் திரும்பி வந்தது. என் அறைக் கதவை நான் சாத்தவில்லை.

என் புகாருக்கும் பதில் வந்தது: “தங்கள் கடிதம் பரிசீலிக்கப்பட்டது. கருவியைத் திறந்த இடத்தில் வைத்துப் பார்க்கவும்.” வந்த தேதியை முறைப்படி பதிவேட்டில் குறித்தேன். அது, சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் எல்லாம் முடித்து, அந்தச் சிறுமி முதல் கீதம் தொடங்கிய சனிக்கிழமை.