பேனா நின்ற அரை மணி நேரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருஷம் தள்ளிப்போட்டேன். என் தப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டியிருந்ததுதான் காரணம். காசி விசுவநாதரை வேண்டிக்கொண்டு இப்போது எழுதுகிறேன்.

நான் எட்டாவது வரை படித்தவன். தென்காசியில் ரேடியோ ரிப்பேர் பார்த்துவந்தேன். அறுபதுகளில் ஒரு சாரல் பருவம். எந்த வருஷம் என்பது நினைவில் இல்லை. மேலகரத்துக்கு மேற்கே ஒரு தரிசில் ஏரியல் நட்டு, வானத்தை ரேடியோ சர்வே செய்ய ஒரு டாக்டர் வந்தார். வைத்தியர் இல்லை, வான ஆராய்ச்சி படித்தவர். பாளையங்கோட்டைக்காரர், என்னைவிட இளையவர். ரிசீவரைப் பார்த்துக்கொள்ள என்னைச் சேர்த்துக்கொண்டார்.

“பகல்ல ஏது சார் நட்சத்திரம்?” என்று முதல் நாளே கேட்டேன்.

“கண்ணுக்குத் தெரியாது அண்ணாச்சி, ரேடியோவுக்குக் கேக்கும். திருவாதிரைக்குத் தெக்க ஒரு வாயு மேகம் கெடக்கு. சூரியனவிடப் பல மடங்கு பெரிய நட்சத்திரம்லாம் அதுக்குள்ளதான் பொறக்குது. அந்தச் சூட்டுலதான் வாயு இரையுது. இப்படிப் பேறுகால வீடு நம்ம பால்வீதியில எங்கெங்க இருக்குன்னு தேடுதோம்.”

திருவாதிரை என்றதும் எனக்குக் குற்றாலத்துச் சித்திரசபை நடராசர்தான் நினைவுக்கு வந்தார். அன்று முதல் ரிசீவர் அறைக்குள் செருப்போடு போனதில்லை.

வேலை எளிதுதான். ஏரியல் ஒரே இடத்தைப் பார்த்து நிற்கும். வானம் அதைக் கடந்துபோகும். வாரம் ஒரு முறை ஏரியலைக் கொஞ்சம் சாய்ப்போம். வயலில் படைச்சால் படைச்சாலாக உழுவது போல வானத்தைப் பட்டை பட்டையாகப் பார்ப்போம். ரிக்கார்டரில் சார்ட் தாள் ஓடும், பேனா கோடு போடும். மேகம் கடக்கும்போது கோடு மேடாக எழும். அந்த மேடு நாளுக்கு நாலு நிமிஷம் முந்தி வரும். நட்சத்திரங்களின் கணக்கு அது.

ஆடி அமாவாசை வந்தது. அப்பாவுக்குத் தர்ப்பணம் கொடுத்துவிட்டு ஒன்பது மணிக்குள் திரும்பிவிடலாம் என்று, டாக்டரிடம் சொல்லாமல் குற்றால அருவிக்கு சைக்கிளை மிதித்தேன். கூட்டத்தில் மாட்டி, திரும்பி வரும்போது மணி ஒன்பதரை. ஈரத்தில் தாள் நைந்து, அதன் நார் பேனா நுனியை அடைத்திருந்தது. அரை மணி நேரத்துத் தாள் வெறுமையாக ஓடியிருந்தது. மேடு வருகிற நேரமே அதுதான்.

மூன்று பிள்ளைகளைப் பெற்றவன். வேலை போய்விடும் என்று பயந்தேன். முந்தின நாள் சார்ட்டை அடியில் வைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, அதே மேட்டை அப்படியே வரைந்துவிட்டேன். அந்த நாலு நிமிஷக் கணக்கு பதற்றத்தில் மறந்தே போயிற்று.

மத்தியானம் டாக்டர் சார்ட்டைப் பார்த்தார். முகம் கறுத்துவிட்டது.

“நேத்து ஒம்பது பதினாலு. இன்னைக்கு ஒம்பது பத்துக்கு வந்திருக்கணும்லா? ஆனா பதினாலுலயே நிக்கே! ஏரியல் கம்பம் சேத்துல சாஞ்சிருக்கும் அண்ணாச்சி. இதுக்கு முந்தி தெக்கு வடக்கா எப்பல்லாம் சாஞ்சுதோ, அது நேரத்துல தெரியாது! ரெண்டு மாசத்து சார்ட்டயும் தூரப்போட வேண்டியதுதான்.”

கம்பத்தைப் பிடுங்கி நட, குழி தோண்டும் கூலியாள் மாடசாமி கடப்பாரையோடு வந்தார். “மேல ஓடுத நட்சத்திரத்துக்கு இங்கன குழி தோண்டச் சொல்லுதீயளே!” என்று சிரித்தவர், என்னைப் பார்த்து, “என்னய்யா, எழவு வீட்டுல நிக்க மாரி நிக்கீரு?” என்றார்.

கடப்பாரையை ஓங்கினார். எனக்குப் பொறுக்கவில்லை.

“நிறுத்தும்வே! சார், கம்பம் அசையல. அந்த மேடு நான் வரைஞ்சது.”

டாக்டர் சார்ட்டைத் திரும்ப எடுத்து விரித்தார். பிறகு சிவப்புப் பென்சிலை என் கையில் தந்தார். ‘இது கையால் வரைந்தது’ என்று மேட்டின் மேல் எழுதிக் கையெழுத்துப் போடச் சொன்னார்.

“பேனா நின்னா, ‘நின்னுட்டு’ன்னு எழுதுங்க. வெறுந்தாளால எனக்கு ஒரு நாள்தான் நட்டம். நீங்க வரைஞ்சதால ரெண்டு மாசம் போகப் பாத்துது. நாளைக்கு எட்டு மணிக்கு வந்துருங்க.”

வேலை போகவில்லை. மறுநாள் ஒன்பது ஆறுக்கு, கணக்குத் தப்பாமல் மேடு எழுந்தது. என்னை அறியாமல் கும்பிட்டேன்.

“கும்பிட்டது போதும், நேரத்தக் குறிங்க அண்ணாச்சி,” என்றார் டாக்டர். அந்தக் குரலில் கோபம் இல்லை. அதற்காக இன்றும் அவர் பேரைச் சொல்லி விளக்கேற்றுகிறேன்.

இதைப் படிக்கிறவர்கள் மற்றவர்களுக்கும் கொடுங்கள். நகல் எடுத்தால் உள்ளது உள்ளபடி எடுங்கள். வருஷம் எனக்கு நினைவில்லை; அந்த இடம் வெறுமையாகவே இருக்கட்டும். தயவுசெய்து யாரும் நிரப்ப வேண்டாம்.