சாம்பார் அண்டாவில் வந்த உதவி

எனக்கு நீச்சல் தெரியாது, சகோதர சகோதரிகளே. டத்தோ கிராமாட்டில் இருக்கும் எங்கள் தேவாலயத்தின் பேரிடர் உதவிக் குழுவில் நான் சேர்ந்ததே சமைத்துப் பொட்டலம் கட்டத்தான். சென்ற மழைக்காலத்தில் சிம்பாங் அம்பாட் பக்கம் வெள்ளம் ஏறியது. செம்பனைத் தோட்டத்துக்குப் பின்னால் கவிதா என்ற நிறைமாதக் கர்ப்பிணி தன் மாமியாரோடு மாட்டிக்கொண்டாள். படகில் தன்னோடு துணைக்கு வர ஒரு பெண் வேண்டும் என்றார் குழுத் தலைவர் சேவியர் அண்ணன். அன்று என்னைத் தவிர வேறு பெண் இல்லை. பயந்துகொண்டே ஏறினேன்.

இருவரையும் ஏற்றிக்கொண்டு திரும்பும்போது கவிதாவுக்கு வலி எடுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துத் தண்ணீருக்குள் கிடந்த வேலிக் கம்பி எங்கள் ரப்பர் படகைக் கிழித்தது. புஸ்ஸென்று காற்று இறங்கியது. நானும் சேவியர் அண்ணனும் குதித்தோம். அவருக்கு மார்பளவு தண்ணீர், எனக்குக் கழுத்தளவு. எப்படியோ தள்ளிக்கொண்டுபோய், பாதி மூழ்கி நின்ற ஒரு லோரியின் மேல் இரண்டு பெண்களையும் ஏற்றினோம். போனில் லைன் இல்லை. தண்ணீரோ ஏறிக்கொண்டே இருந்தது.

கவிதா என் கையை இறுக்கிப் பிடித்தாள். "அக்கா, இங்கேயே பொறந்துருமாக்கா?"

எனக்கு அழுகைதான் வந்தது. "ஆண்டவரே, எனக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது. யாரையாவது அனுப்பும், இப்போதே அனுப்பும்" என்று வாய்விட்டே வேண்டினேன். பக்கத்தில் மாமியார் முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்.

செம்பனை மரங்களுக்கு நடுவே பளபளவென்று ஏதோ மிதந்து வந்தது. பக்கத்துக் கோயிலின் அன்னதான அண்டா. கவிழாமலிருக்கச் சுற்றிலும் லோரி டியூப்பைக் கட்டி, இரண்டு ஆண்கள் தள்ளிவந்தார்கள். வீடு வீடாகச் சோற்றுப் பொட்டலம் கொடுக்கக் கிளம்பியவர்களாம்.

சேவியர் அண்ணன் அண்டாவைப் பார்த்தார், கவிதாவைப் பார்த்தார். "தம்பி, இது ஆள் தாங்குமா?"

"ஊருக்கே சாம்பார் தாங்குது, அக்காவ தாங்காதாண்ணே? ஏத்துங்கலா."

பொட்டலங்களை லோரிக்கு மாற்றிவிட்டுக் கவிதாவை அண்டாவில் உட்கார வைத்தோம். வந்த இருவரில் ஒருவர் மாமியாருக்குத் துணையாக நின்றார். அடுத்த நடையில் மாமியாரையும் பத்திரமாகக் கொண்டுவந்தார்கள்.

பாதி வழியில் கவிதா முகத்தைச் சுளித்தாள். வலி கூடிவிட்டதோ என்று பதறினேன். "இன்னும் பெருங்காய வாசம் அடிக்குதுக்கா" என்றாள். கழுத்தளவு தண்ணீரில் அண்டாவின் காதைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்தேன். என் பயம் அங்கேதான் போனது.

சாலை மேட்டில் எங்கள் குழுவின் வேன் காத்திருந்தது. அன்று மாலையே மருத்துவமனையில் பெண் குழந்தை. தாயும் சேயும் நலம். ஆண்டவருக்கு நன்றி சொல்லி எனக்கு இன்னும் தீரவில்லை.

பேர் வைக்கும் விருந்துக்கு எங்களையும் அழைத்தார்கள். அண்டாவை அனுப்பியது தன் முருகன்தான் என்றார் மாமியார். என் ஆண்டவர்தான் என்றேன் நான். சோறு ஆறுகிறது, முதலில் சாப்பிடுங்கள் என்றார் சேவியர் அண்ணன்.

இப்போதெல்லாம் மழை கொட்டினால், சேவியர் அண்ணன் கூப்பிடும் முன்பே நான் போன் போடுகிறேன். கோயில் ஆட்களும் எங்களோடு சேர்ந்தே வருகிறார்கள். உங்களுக்கும் கழுத்து வரை தண்ணீர் வரலாம், அன்பானவர்களே. கூச்சப்படாமல் கேளுங்கள். ஆண்டவர் அனுப்புவார். எதில் அனுப்புகிறார் என்று பார்க்காதீர்கள், ஏறி உட்காருங்கள்.