நான்கு சின்னச் சப்பாத்துகள்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பெப்ரவரி மாதம். சுவிஸ் மலைப்பகுதியில், எங்கடின் பள்ளத்தாக்கில் ஒரு ஹோட்டலுக்குக் குளிர்காலப் பருவத்துக்கு மட்டும் சலவை வேலைக்குப் போயிருந்தேன். கணவரும் பிள்ளைகளும் வின்டர்தூர் நகரில், வீட்டில் இருந்தார்கள். நான் நிலக்கீழ் அறையில், நாள் முழுக்கத் துவாய்களோடும் படுக்கை விரிப்புகளோடும்.

அந்தக் கிழமை அங்கே நாய்கள் இழுக்கும் பனிவண்டிப் பந்தயம் நடந்தது. ஒரே நாளில் முடிகிற பந்தயம் அல்ல. ஒவ்வொரு நாளும் ஒரு கட்டமாக, தொடர்ந்து பல நாட்கள் மலைப்பாதைகளில் ஓடுவார்கள். வண்டியோட்டிகளில் ஒருவர் எங்கள் ஹோட்டலில் தங்கினார். முதல் நாள் ஓடி முடித்து வந்ததும், ஒரு பை நிறையச் சின்னத் துணிச் சப்பாத்துகளைக் கழுவக் கொடுத்தார். பனிக்கட்டி கீறாமல் இருக்க நாய்களின் பாதங்களுக்குப் போடுவதாம். கைக்குழந்தையின் காலுறை போல உள்ளங்கைக்குள் அடங்கின. பார்க்க ஆசையாகக்கூட இருந்தது.

ஒவ்வொன்றின் வெல்க்ரோவையும் ஒட்டி மெஷினுக்குள் போடும்போது, இரண்டில் இரத்தக் கறை கண்டேன். இருந்தவற்றிலேயே சின்ன அளவு, சிவப்புப் பட்டி வைத்தவை. குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, உப்புப் போட்டுத் தேய்த்து, கறையைப் போக்கிக் காயவைத்துக் கொடுத்தேன். புதிது போல இருக்கிறது என்று அவர் பாராட்டினார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அந்தச் சந்தோஷத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாளும் மத்தியானம் பை வந்தது. சிவப்புப் பட்டிச் சப்பாத்துகள் நான்கிலும் இரத்தம். ஒன்றின் உள்ளே தோலின் துணுக்கு ஒட்டியிருந்தது. அந்த அளவில் வேறு சப்பாத்து இல்லை. நான்கும் ஒரே நாயின் கால்கள்.

என் பொறுப்பாளரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். விருந்தினரின் விஷயத்தில் நாம் தலையிடுவதில்லை, கழுவிக் கொடு என்றார். பாத்திரம் கழுவும் பகுதியில், ஆராவ் நகரிலிருந்து வேலைக்கு வந்த யாழ்ப்பாணத்து அண்ணை ஒருவர் வேலை செய்தார். அவரிடமும் சொன்னேன்.

"உனக்கேன் பிள்ளை தேவையில்லாத வேலை? அங்க மிருக டொக்டர்மார் நிக்கினம்தானே."

"அவையள் நாயைப் பாத்திருப்பினம் அண்ணை. இதைப் பாக்கேல்லை. இதைக் கண்டது நான்தான்."

"வேலை போனா என்ன செய்வாய்?"

"போனாப் போகட்டும். நான் போட்டு வாறன்."

பின்னேர இடைவேளையில் நான்கு சப்பாத்துகளையும் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு, ஜக்கெற்றுக்குள் வைத்துக்கொண்டு நடந்தேன். நாய்களைக் கட்டியிருந்த மைதானம் பத்து நிமிட நடை. வழியெல்லாம் ஜெர்மன் வாக்கியங்களை மனதுக்குள் அடுக்கினேன். பந்தயத்தின் மிருக வைத்தியர் ஒரு பெண். அவர் முன்னால் போய் நின்றதும் அடுக்கிய வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. பையைத் திறந்து காட்டி, "ஒரு நாய். நேற்றும் இரத்தம். இன்றைக்கு இன்னும் கூட" என்று மட்டும் சொன்னேன்.

யாருடைய நாய் என்று கேட்டார். விருந்தினர்களைப் பற்றி வெளியே கதைக்க மாட்டேன் என்று வேலையில் சேரும்போது கையெழுத்து வைத்திருந்தேன். தயக்கமாகத்தான் இருந்தது. பிறகு, தூரத்தில் நின்ற அந்த மனிதரின் வண்டியைக் கைநீட்டிக் காட்டினேன்.

இருவரும் அங்கே போனோம். சாம்பல் நிறத்தில் ஒரு சின்னப் பெட்டை நாய், தன் முன்காலை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது. வைத்தியர் பாதத்தை விரித்துப் பார்த்தார். விரல்களுக்கு நடுவில் தோல் பிளந்து கிடந்தது. அதன் மேல் களிம்பு அப்பியிருந்தது. மற்றக் கால்களும் அப்படித்தான். ஓட்டத்துக்கு முன் நடக்கும் காலைச் சோதனையில் ஏன் இதைச் சொல்லவில்லை என்று வண்டியோட்டியைக் கேட்டார்.

"அது நொண்டவே இல்லை! ஓடத்தான் துடிக்கிறது!" என்று அவர் கத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "துணி கழுவுகிறவளுக்கு நாயைப் பற்றி என்ன தெரியும்?"

ஆனால் வைத்தியர் அறிக்கை எழுதி முடிக்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையவில்லை. அந்த நாய் பந்தயத்திலிருந்து நீக்கப்பட்டது.

திரும்பி வந்தபோது, அண்ணை எனக்குத் தேத்தண்ணி ஊற்றி வைத்திருந்தார். வேலையைப் பற்றி ஒரு சொல் கேட்கவில்லை. "நாய்க்கு இப்ப எப்பிடியாம்?" என்றுதான் கேட்டார்.

மறுநாள் காலை, புறப்படும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மற்ற நாய்கள் வண்டியை இழுத்துக்கொண்டு பாய்ந்ததும், கட்டிவைத்திருந்த அந்தச் சின்ன நாய் எம்பி எம்பி ஊளையிட்டது. கட்டுப்போட்ட கால்களாலேயே பனியைப் பிறாண்டியது. நான் நன்மை செய்ததாக நினைத்த நாயே என்னைத் திட்டுவது போல இருந்தது. ஆடிப்போனேன்.

வைத்தியர் பக்கத்தில் வந்து, எனக்கு விளங்கும்படி மெதுவாகச் சொன்னார்: "இவை விழும்வரை ஓடும். நோகுது, போதும் என்று நிற்கத் தெரியாது. மனிதர்தான் நிறுத்த வேண்டும்."

வண்டியோட்டி ஹோட்டலில் முறையிட்டார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். வாங்கிக்கொண்டு பருவம் முடியும்வரை வேலை செய்தேன். அடுத்த வருடம் கூப்பிடவில்லை.

இப்போது வின்டர்தூரில் ஒரு முதியோர் இல்லத்தில் அதே சலவை வேலைதான். விரிப்பில் இருக்கக்கூடாத கறை ஒன்றைக் கண்டால், மெஷினைப் போடாமல் நேரே தாதியிடம் போகிறேன். சில வேளை அவர்களுக்கு எரிச்சல் வரும். வரட்டும். நான் பேசாமல் இருந்த ஒரே ஒரு நாளுக்காக அந்தச் சின்ன நாய் பிளந்த கால்களோடு ஒரு மலைப்பாதை முழுக்க ஓடியிருக்கிறது. அதற்குப் பிறகு, நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்க என்னால் முடிவதில்லை.