அத்தானின் சக்கில் இருந்த பிழை

அத்தானின் கோட்டுப் பை வலது பக்கம் மட்டும் எப்போதும் தொய்ந்து கிடக்கும். அதற்குள் ஒரு டிரில் சக் இருந்தது. சுவரில் துளை போடுகிற டிரில்லின் முனையில், துளைக்கிற கம்பியை, அந்தப் பிட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு இரும்பு உருளை இருக்குமே, அதுதான். மற்ற ஆண்கள் பைக்குள் கைவிட்டால் வீட்டுத் திறப்பும் கைபேசியும் வரும். இவருக்கு அது வரும். கோயிலில் பூசை தொடங்கக் காத்திருக்கும்போதும், பஸ்ஸிலும், கலியாண மண்டபத்தில் பந்திக்கு முறை வரும்வரையும் அதைத் திருகித் திறப்பார், திருகி மூடுவார். கிர்ர், கிர்ர். ஒருமுறை இல்ஃபோர்டில் ஒரு கலியாணத்தில் ஐயர் மந்திரத்தை நிறுத்திவிட்டு, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று திரும்பிப் பார்த்தார். அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இப்போது அந்தச் சத்தத்தை நினைத்தால் சிரிப்பு வருவதில்லை. இருந்த இடத்தில் இருக்க முடியாமல் எழுந்து நடக்கத் தோன்றுகிறது.

அத்தான் என் அக்காவின் கணவர். ஜெர்மனியின் தெற்கே ஒரு சிறிய ஊரில் பதினைந்து வருடம் டிரில் சக் பூட்டும் தொழிற்சாலையில் வேலை செய்தவர். மகள் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும், பக்கத்தில் கோயில் வேண்டும், நாலு சொந்தம் வேண்டும் என்று அக்கா ஒற்றைக்காலில் நின்று குடும்பத்தை லண்டனுக்குப் பெயர்த்தாள். செவன் கிங்ஸில் வீடு அமைந்தது. கோயிலும் சொந்தமும் கிடைத்தன. அத்தானுக்கு மட்டும் அவருடைய வேலை கிடைக்கவில்லை. ஜெர்மன் சான்றிதழை யாரும் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சூப்பர் மார்க்கெட்டின் கிடங்கில் காலை ஷிப்டில் பெட்டி அடுக்கினார். ஊரிலிருந்து வந்த நான் இரண்டு வருடம் அவர்கள் வீட்டு முன்னறையில்தான் இருந்தேன். அவர் போட்ட சோற்றைத் தின்றுதான் நான் ஆளானேன் என்று சொன்னால் அது பேச்சுக்குச் சொல்வதல்ல.

எனக்கும் இயந்திரங்களோடுதான் பிழைப்பு. லிஃப்ட் பரிசோதகர். கட்டடம் கட்டடமாகப் போய், இந்தக் கம்பி தேய்ந்திருக்கிறது, இந்தக் கதவு சரியாக மூடவில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். முன்பின் தெரியாதவர்களின் முகத்துக்கு நேரே பிழை சொல்லி வாழ்கிறவன் நான். இதை ஏன் இப்போதே சொல்கிறேன் என்றால், பிறகு நான் செய்ததற்கு ‘எனக்கு அது வராது’ என்று சாக்குச் சொல்ல இடமிருக்கக் கூடாது.

சக் என்பது பார்க்கச் சின்னச் சாமான். அதற்குள் இருக்கும் புத்தி பெரியது. உள்ளே மூன்று தாடைகள், சரிவான மூன்று துளைகளில் நிற்கின்றன. மூன்றின் முதுகிலும் புரி வெட்டியிருக்கும். மூன்றையும் சுற்றி ஒரே ஒரு வளையம். வெளியே திருகினால் அந்த வளையம் சுற்றும். மூன்று தாடைகளும் ஒரே அளவு முன்னே வரும், ஒரே அளவு பின்னே போகும். ஒன்று மட்டும் தன்பாட்டில் அசைய முடியாது. அதனால்தான் தீக்குச்சி மொத்தப் பிட்டை வைத்தாலும் விரல் மொத்தப் பிட்டை வைத்தாலும் அது தானாகவே நடுவில் போய் நிற்கிறது. நாங்கள் அளக்கவும் தேவையில்லை, சரி பார்க்கவும் தேவையில்லை. அத்தான் இதை எனக்கு விளக்கிய அன்று, பதினைந்து வருடம் பூட்டிய சாமானைப் பற்றி நேற்றுத்தான் கேள்விப்பட்டவர் மாதிரிப் பேசினார். “மூண்டும் ஒண்டின்ரை சொல்லைத்தான் கேக்கும் தம்பி. எங்கடை சனத்திட்டை இல்லாத ஒற்றுமை” என்று ஒரு குத்தும் குத்தினார்.

ஆனால் அவருக்கு அது போதவில்லை. திருகுவது ஏன்? பிட்டை உள்ளே தள்ளினால் அதுவே கவ்விக்கொள்ளக் கூடாதா? ஏணியில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு நிற்பவனுக்கு இரண்டாவது கை எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வி அவரை ஒரு வருடம் அலைக்கழித்தது. சாப்பாட்டு மேசையில் ரசம் ஆறும். அவர் கரண்டியின் பின்பக்கத்தால் மேசை விரிப்பில் கோடு கீறிக்கொண்டிருப்பார். கடைசியில் அந்த வளையத்தையே எடுத்துவிட்டு, ஒவ்வொரு தாடைக்குப் பின்னாலும் ஒரு ஸ்பிரிங் வைத்தார். தள்ளினால் தாடைகள் விலகி வழிவிடும், பிட் உள்ளே போனதும் கவ்விக்கொள்ளும். துளைக்கத் துளைக்கப் பிடி இறுகும். ஃபாரஸ்ட் கேட்டில் லேத் பட்டறை வைத்திருந்த ஒரு நண்பரிடம் ஞாயிற்றுக்கிழமைகளில் போய் இருந்து, ஒன்றைச் செய்தும் முடித்துவிட்டார். பிறகு அவரே எழுதிய கடிதத்தை நான் ஆங்கிலத்தில் திருத்த, பார்க் றோயல் பக்கம் ஒரு கருவிக் கம்பனி, அரை மணித்தியாலம் தருகிறோம், கொண்டுவந்து காட்டுங்கள் என்று பதில் போட்டது.

அந்தப் பதில் வந்த நாளிலிருந்து வீடு மாறியது. கிடங்கிலிருந்து வந்ததும் சோபாவில் சரிகிற மனிதர் சவரம் செய்துகொண்டு நின்றார். மகளின் பள்ளிக்கூடக் கதைகளைக் கேட்டார். கோயிலில் யாராவது ‘என்ன வேலை’ என்று கேட்டால் முன்பு செருப்பைத் தேடுவார். இப்போது நின்று பதில் சொன்னார். அந்த அரை மணித்தியாலத்தில் அவர் தன்னை மறுபடி இயந்திரங்களின் பக்கத்துக்குக் கொண்டுபோய்விடலாம் என்று நம்பினார். எல்லோரும் நம்பினோம்.

பதில் வந்த இரண்டாம் நாள் நான் அங்கே போனேன். அத்தான் குளித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டு மேசையில் அந்தச் சக் இருந்தது. சும்மா கையில் எடுத்து, பக்கத்தில் கிடந்த பென்சிலை உள்ளே தள்ளினேன். டக்கென்று கவ்வியது. இழுத்தேன், வரவில்லை. அருமை. பிறகு, லிஃப்ட் கதவை ஆட்டிப் பார்க்கிற பழக்கத்தில், பென்சிலின் நுனியைப் பக்கவாட்டில் மெல்ல அமத்தினேன். ஒரு தாடை பின்வாங்கியது. மற்ற இரண்டும் அதைத் துரத்திக்கொண்டு போயின. பிடி விடவில்லை. ஆனால் பென்சில் நடுவில் இல்லை. மறுபடி அமத்தினேன், மறுபடியும் அதுவே. தாடைகளைக் கட்டிவைத்திருந்த வளையத்தை எடுத்துவிட்ட இடத்தில் பிழை இருந்தது. மூன்றும் தனித்தனி ஆட்கள் ஆகிவிட்டன. நேர் கீழே மரத்தில் துளைத்துப் பார்த்தபோது அவருக்கு இது தெரிந்திருக்காது. பக்கத்திலிருந்து பாரம் வந்தால்தான் தெரியும்.

குசினியிலிருந்து அக்கா வந்தாள். என் கையில் இருந்ததைப் பார்த்தாள். குளியலறையில் அத்தான் ஏதோ பாட்டை முணுமுணுப்பது கேட்டது. “கேக்குதே? எத்தினை வரியத்துக்குப் பிறகு பாடுறார்” என்றாள். “வந்தவுடனை நல்லாயிருக்கெண்டு ஒரு சொல்லுச் சொல்லு, என்ன. நீ படிச்சனி. நீ சொன்னால் அவருக்கு அது பெரிசு.” அவளுக்கு அதில் பிழை இருப்பது தெரியாது. அவளை நான் குறை சொல்ல மாட்டேன். அத்தான் துவாயோடு வந்து, ஈரத் தலையோடு என் முகத்தைப் பார்த்தார். “எப்பிடி?” என்றார். எங்கள் வீட்டில் அக்காவின் கணவருக்கு எதிர்க்கதை கதைக்கிற வழக்கமே இல்லை. அப்பா என்னை அடித்து வளர்த்ததெல்லாம் இந்த மாதிரி இடங்களில் வாயை மூடிக்கொள்வதற்குத்தான். “நல்லாயிருக்கு அத்தான்” என்றேன்.

கம்பனி தந்த நாளுக்கு இன்னும் மூன்று கிழமை, இருபத்தொரு நாள் இருந்தது. ஒவ்வொரு நாளும் சொல்லத்தான் நினைத்தேன். தொலைபேசியை எடுப்பேன், வைப்பேன். ஸ்ட்ரெதமில் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் கூரைமேல் நின்றபடி, எப்படி ஆரம்பிப்பது என்று வசனம் கட்டிப் பார்த்தேன். ஒருவேளை அவர்கள் பக்கவாட்டில் அமத்திப் பார்க்க மாட்டார்கள் என்றும் நினைத்தேன். எவ்வளவு பெரிய முட்டாள்தனம்! கருவி செய்கிறவன் முதலில் பார்ப்பதே அதைத்தானே. தெரிந்தும் அப்படி நினைத்தேன்.

அந்த நாள் வந்தபோது அத்தான் என்னை மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போனார். அவருக்கு ஆங்கிலம் விளங்கும், பேசத்தான் கூச்சம். அங்கே எங்களைச் சந்தித்தவர் நரைத்த தலையோடு ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, வடிவமைப்பு எஞ்சினியர். மரியாதையான மனுசி. தேநீர் தந்தார். சக்கில் ஒரு பளபளப்பான உருக்குக் கம்பியைச் செருகி, சுழலவிட்டு, அதன்மேல் முள் உள்ள ஒரு அளவுமானியை வைத்தார். முள் அசையவில்லை. அத்தான் என் முழங்கையைக் கிள்ளினார். பிறகு அந்த அம்மா சுழற்சியை நிறுத்தி, மேசை லாச்சியை இழுத்து, ஒரு சிறிய பாரக்கல்லை எடுத்துக் கம்பியின் நுனியில் தொங்கவிட்டார். முள் சரிந்தது. “இங்கே ஏதோ நகர்கிறது” என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பூதக்கண்ணாடியை எடுத்துக் குனிந்தார்.

அத்தான் என்னைப் பார்த்தார். மூன்று கிழமையாக நெஞ்சுக்குள் கட்டி வைத்திருந்த வசனம், கதவு திறந்ததும் வெளியே பாய்ந்துவிட்டது. “அத்தான், மூண்டு ஸ்பிரிங்கும் தனித்தனியா நிக்குதுதானே. ஒரு தாடை பின்னாலை போனால் மற்ற ரெண்டும் அதைத் துரத்திக்கொண்டு போகுது. பிடி விடாது. ஆனால் நடு விலகும். வளையத்தை எடுத்ததாலைதான்” என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அத்தான் அந்தப் பெண்மணியைப் பார்த்தார். அவர் இன்னும் குனிந்தபடியே இருந்தார். பிறகு என்னைப் பார்த்து, மெதுவாக, “அவ இன்னும் அதைச் சொல்லேல்லையே தம்பி” என்றார்.

அந்த அம்மா நிமிர்ந்து, நான் சொன்னதையே ஆங்கிலத்தில் சொன்னார். யோசனை நல்லது, இந்த ஒன்றைத் தீர்த்தால் மறுபடி வாருங்கள் என்றார். அத்தான் தானே ஆங்கிலத்தில் நன்றி சொன்னார். என்னிடம் திரும்பவில்லை.

பாடிங்டனில் எலிசபெத் லைன் ரயில் ஏறினோம். பக்கத்துப் பக்கத்து இருக்கை. ஸ்ட்ராட்ஃபோர்டில் கதவு திறந்தபோது, “எப்ப தெரியும்?” என்றார். பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தேன். “மூண்டு கிழமை” என்றேன். தலையை ஆட்டினார். “மூண்டு கிழமை போதும் தம்பி. திருத்தியிருப்பன்.” நான் அக்காவைப் பற்றி ஏதோ தொடங்கினேன். “கொக்காவை இதுக்குள்ளை இழுக்காதையும்” என்றார். கோபம் இருக்கவில்லை. கோபித்திருந்தால் நான் காலில் விழுந்து எழும்பியிருப்பேன். செவன் கிங்ஸில் இறங்கி, வீட்டு வாசலில், “உள்ளை வாரும், சாப்பிட்டிட்டுப் போம்” என்று எப்போதும் போலச் சொன்னார். நான் போகவில்லை.

அவர் அக்காவுக்குச் சொல்லவில்லை. அன்றும் சொல்லவில்லை, இந்த இரண்டு வருடத்திலும் சொல்லவில்லை. அக்கா அந்தக் கம்பனியைத்தான் திட்டிக்கொண்டிருந்தாள். வெள்ளைக்காரனுக்கு எங்கடை ஆக்களைக் கண்டால் பிடிக்காது என்று ஒவ்வொரு விருந்திலும் ஆரம்பிப்பாள். அத்தானும் நானும் அவரவர் சோற்றைப் பார்த்துக்கொண்டிருப்போம். அந்த நல்ல மனுசிக்கு எங்கள் வீட்டில் விழுந்த ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. என் காதுகேட்க அத்தான் சக்கைத் திருகுவதும் நின்றுவிட்டது. நான் போகும்போது மேசையில் ஏதாவது தாள் கிடந்தால் பத்திரிகையை இழுத்து அதன்மேல் போடுவார். அவர் அதை ஒளிப்பதற்காகச் செய்யவில்லை என்று நான் எனக்கே சொல்லிக்கொண்டேன்.

போன ஞாயிறு மத்தியானம் போனேன். பத்திரிகை இல்லை. தாள் திறந்து கிடந்தது. புதிய வரைபடம். மூன்று தாடைகளின் பின்பக்கமும் ஒரே வளையத்தில் கொளுவியிருந்தன. ஸ்பிரிங் அந்த வளையத்துக்குப் பின்னால். அத்தான் அதை மூடவில்லை. பார் என்றும் சொல்லவில்லை. பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார். நான் நின்றபடியே பார்த்தேன்.

“அத்தான், இது பிழை” என்றேன். “வளையம் ஒரு பக்கமாச் சரியும். அது நேரா நிக்க ஒரு வழி, ஒரு பிடிமானம் இல்லை. சரிஞ்சால் திரும்பவும் நடு விலகும்.”

“தெரியும். மகள் போன கிழமை சொல்லிப்போட்டாள்” என்றார். “வேற?”

நான் கதிரையை இழுத்துப் போட்டு அதில் இருந்தேன். மறுபடி பார்த்தேன். லிஃப்ட் குழிக்குள் தலைக்கு மேலே துளைத்து, கண்ணெல்லாம் சீமெந்துத் தூளாக நின்ற நாட்கள் ஞாபகம் வந்தன. “மேலை பாத்துத் துளைச்சால் தூள் முழுக்கச் சக்கின்ரை வாய்க்குள்ளை விழும். ஒரு கிழமையிலை ஸ்பிரிங் இறுகிப்போகும்.”

இது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. தாளைத் தன் பக்கம் திருப்பி, கண்ணாடியைப் போட்டு, நெடுநேரம் பார்த்தார். பிறகு அழிறப்பரை எடுத்து, வாய்ப் பக்கத்தை முழுவதுமாக அழிக்கத் தொடங்கினார். அழித்துக்கொண்டே, “அண்டைக்கும் இப்பிடிச் சொல்லியிருக்கலாம்தானே தம்பி” என்றார்.

“சொல்லியிருக்கலாம் அத்தான்” என்றேன்.

“என்னத்தைச் சொல்லியிருக்கலாம்?” என்று கேட்டாள், தேத்தண்ணித் தட்டோடு வாசலில் நின்ற அக்கா.

அத்தான் நிமிரவில்லை. அழித்துக்கொண்டே இருந்தார். இந்த முறை அவர் எனக்காக மறைக்கப் போவதில்லை என்பது விளங்கியது.

“தட்டை வைச்சிட்டு இதிலை இரு அக்கா, சொல்லுறன்” என்றேன்.