சுருக்குக் கம்பியில் ஓர் ஓநாய்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஆடி மாதம். குற்றாலத்தில் சாரல் பிடித்து, தென்காசியில் எங்கள் தெரு வரைக்கும் வெளியூர்க் கார்கள் வரிசை கட்டி நின்ற நேரம். நான் மட்டும் அந்தச் சாரல் எட்டிப் பார்க்காத திருவேங்கடம் பக்கத்துக் கரிசல் மண்ணில் கிடந்தேன். சவூதியில் பல வருடம் எலக்ட்ரீஷியன் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவன் நான். அந்தக் கரிசலில் கொஞ்சம் நிலம் வாங்கி முருங்கை போட்டிருந்தேன். வாரத்தில் பாதி நாள் மோட்டார் ரூமில்தான் படுக்கை.

பக்கத்து நிலத்தில் செம்மறி ஆடுகளை அடைத்துக் கிடை போட்டிருந்த அண்ணாச்சியும், நான் அக்கா என்று கூப்பிடும் அவர் மனைவியும்தான் எனக்கு அங்கே பேச்சுத்துணை. அந்த மாதம் அவர்களுடைய குட்டிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. பொழுது மங்கும் நேரம் ஆடுகள் மிரண்டு ஒதுங்கும். போய்ப் பார்த்தால் ஒரு குட்டி இருக்காது. முதலில் தெருநாய் என்றார்கள். பிறகு நரி என்றார்கள். கடைசியில் வனத்துறைக்காரர் ஒருவர் வந்து ஓடைக்கரையில் கேமரா கட்டிவிட்டுப் போனார். அதில் விழுந்த படத்தை எங்களிடம் செல்போனில் காட்டினார். வெளிறிய மண் நிறம், நீளக் கால்கள், ஒட்டிய வயிறு. எனக்கு அது நாயாகத்தான் தெரிந்தது.

“ஓநாய் சார்! இந்தப் பக்கம் ஒண்ணுகூட மிச்சமில்லைன்னு நினைச்சிருந்தோம்” என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அது அழிந்துகொண்டிருக்கிற இனம், கொன்றால் ஜெயில், ஜாமீன்கூட லேசில் கிடைக்காது என்று சொல்லிவிட்டு, முயலையும் எலியையும் அது எப்படிக் கட்டுக்குள் வைக்கிறது என்று பொறுமையாக விளக்கினார். கேட்கக் கேட்க அவர் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது.

அவர் பைக் கிளம்பிப் போனதும் அக்கா பிடித்துக்கொண்டார். “அவருக்கென்ன பாய், படம் பிடிச்சாச்சு, போறாரு. போனது நாங்க வளத்த குட்டியில்லா? செத்த ஆட்டைக் காட்டுனா நிவாரணமாம். முழுசாத் தூக்கிட்டுப் போறதுக்கு நாங்க எதைக் கொண்டுபோய்க் காட்ட?” அதைக் கேட்டபோது அதுவும் நியாயம் என்றே பட்டது. டீக்கடையிலும் இதே சண்டைதான். விஷம் வைக்கணும் என்றார் ஒருவர். ஓநாய் போனால் பன்றி பெருகி மக்காச்சோளத்தை அழிக்கும் என்றார் இன்னொருவர். நான் இருவருக்கும் தலையாட்டிவிட்டு வந்தேன்.

ஒருநாள் காலை, மோட்டாரைப் போட்டுவிட்டுப் பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி மூச்சிரைக்க வந்தார்.

“பாய், கட்டிங் பிளேயர் இருக்கா?”

எதற்கு என்று கேட்டேன். “எடுத்துட்டு வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தார். பின்னாலேயே போனேன்.

ஓடைக்கரையில், சீமைக்கருவேல மரத்தடியில் அது கிடந்தது. வண்டி பிரேக் ஒயரில் செய்த சுருக்கு அதன் பின்னங்காலில் இறுகி, சதைக்குள் இறங்கியிருந்தது. சுற்றிலும் மண்ணைப் பறித்துப் போட்டிருந்தது. எங்களைப் பார்த்ததும் எழுந்து, இழுத்துப் பார்த்து, விழுந்தது. உறுமவோ ஊளையிடவோ இல்லை. வாய் திறந்து மூச்சு மட்டும் வாங்கியது.

“பன்னிக்குத்தான் வச்சேன்” என்றார் அண்ணாச்சி, நான் கேட்காமலே. அது உண்மையா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

என் சட்டைப்பையில் செல்போன் இருந்தது. வனத்துறைக்காரரின் நம்பரும் அதில் இருந்தது. கூப்பிட்டால் ஊசி போட்டு மயக்கி, மருந்து கட்டி, ஓநாயைக் காப்பாற்றுவார்கள். ஆனால் சுருக்கு வைத்தது யார் என்ற கேள்வி வரும். அண்ணாச்சியை ஜெயிலில் போட்டால் அந்தக் கிடையை யார் பார்ப்பது? கூப்பிடாமல் விட்டால் அது அங்கேயே சாகும். போனை வெளியே எடுத்தேன், உள்ளே வைத்தேன், மறுபடி எடுத்தேன். அண்ணாச்சி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குள் அக்கா கம்போடு வந்துவிட்டார். “என்னத்தப் பாத்துக்கிட்டு நிக்கிய? அடிச்சுப் பொதைச்சிட்டா ஒருத்தனுக்கும் தெரியாது. எத்தனை குட்டியத் தின்னுருக்கு!”

“ஏட்டி, சும்மா இரு” என்றார் அண்ணாச்சி.

“நான் ஏன் சும்மா இருக்கணும்? வீட்டுக்கு வந்த பீடையைக் கும்பிடவா சொல்லுதிய?”

அண்ணாச்சி தோளில் கிடந்த கம்பளியை எடுத்து விரித்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று எனக்குப் புரிவதற்குள் ஓநாயின் தலைமேல் கம்பளியை வீசி, அதன்மேலேயே விழுந்து அமுக்கினார். “வெட்டுங்க பாய்!” என்று கத்தினார். கம்பளி ஒரு பக்கம் தூக்கிக்கொண்டது. பல் வெளியே தெரிந்தது. அப்போது, அடித்துக் கொல்லச் சொன்ன அக்காதான் கம்பைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து, அந்த ஓரத்தில் முழங்காலை ஊன்றி உட்கார்ந்தார். “கடிச்சிரப் போகுது, கடிச்சிரப் போகுது” என்று புருஷனைத் திட்டிக்கொண்டே அழுத்திப் பிடித்தார்.

நான் குனிந்தேன். எத்தனையோ கேபிளை வெட்டிய கைதான், ஆனாலும் முதல் தடவை ஒயரில் பாதிதான் அறுந்தது. என் இடது கையின் கீழே அந்தக் கால் வெதுவெதுப்பாக, விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது தடவை அறுந்துவிட்டது. நாங்கள் மூவரும் ஆளுக்கொரு பக்கம் விழுந்து எழுந்தோம். அது மூன்று காலில் ஓடை மணலைத் தாண்டி, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது.

நடந்து வரும்போது அண்ணாச்சியிடம் கேட்டேன். “விடணும்னு நினைச்சுத்தான் பிளேயர் கேட்டீங்களா?”

“தெரியல பாய். அடிக்கணும்னுதான் அங்கன இருந்து ஓடியாந்தேன். உங்களைப் பாத்ததும் வாயில பிளேயர்னு வந்துட்டு.”

கதை இத்தோடு முடிந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆடி முடிவதற்குள் மறுபடி ஒரு குட்டி போனது. மறுநாள் அக்கா வந்து, “உங்க பிளேயர்தான் பாய் தின்னுட்டு” என்று சொல்லிவிட்டுப் போனார். கோபமா கிண்டலா என்று கண்டுபிடிக்க முடியவில்லை.

அப்புறம் வனத்துறைக்காரர் வந்தார். புதுப் படத்தில் ஓநாய் நொண்டியது. “யாரோ சுருக்கு வச்சிருக்காங்க. உங்களுக்கு ஏதாவது தெரியுமா சார்?” என்றார். தெரியாது என்றேன். “கால் இப்படி ஆயிட்டா முயலை விரட்டிப் பிடிக்க முடியாது. இனி ஆட்டுக்குட்டிக்குத்தான் அதிகமா வரும்” என்றார். அதைக் கேட்டு எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. காப்பாற்றினோமா, அல்லது முன்பைவிடப் பெரிய தொல்லையை ஆட்டுக் கிடைக்கே திருப்பிவிட்டோமா? அண்ணாச்சியை நான் காட்டிக்கொடுக்காதது சரியா? அன்றைக்கே போன் பண்ணியிருந்தால் அந்தக் கால் பிழைத்திருக்குமோ? ஒன்றுக்கும் விடை தெரியவில்லை.

எனக்குத் தெரிந்தது கரன்ட் வேலை மட்டும்தான். கிடையைச் சுற்றி சோலார் விளக்குகள் போட்டு, பொழுது சாய்ந்ததும் விட்டு விட்டு எரிகிற மாதிரி செய்து கொடுத்தேன். குட்டிகளுக்குக் கம்பிவலைக் கூண்டும் அடித்தோம். இழப்பு குறைந்தது, நிற்கவில்லை. அண்ணாச்சி மறுபடி சுருக்கு வைத்தாரா என்று நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை.

இப்போதும் காலையில் அவர்கள் குட்டிகளைத் திறந்துவிடும்போது வேலி ஓரமாகப் போய் நிற்கிறேன். ஒன்றும் குறையவில்லை என்று அக்கா சொன்னதும் மனசு லேசாகிறது. அடுத்த நிமிடமே, அப்படியென்றால் அந்த ஓநாய் நேற்று எதைத் தின்றிருக்கும் என்ற கவலையும் அதே மனசுக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது.