பெலார்மினாவின் ஆறு நிமிஷ நடை

என் நாத்தனார் பெலார்மினா முப்பத்தஞ்சு வருஷம் விறகு அடுப்பில் பன்றிக்கறி சுட்டு விற்றவள். எங்கள் ஊய்லா மாகாணத்தில் அவள் கைப்பக்குவத்துக்கு மயங்காத ஆள் கிடையாது. அத்தனை வருஷப் புகையும் நுரையீரலில் போய் உட்கார்ந்துகொண்டது. ஆனாலும் சான் பெத்ரோ திருவிழாவில் பாவாடையைச் சுழற்றி ஆடியே தீருவாளாம். அறுபத்திரண்டு வயசில் இந்த ஆசை. ஆடலாமா என்று கேட்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன்.

"ஆறு நிமிஷம் நடங்க. முந்நூறு மீட்டர் தாண்டி, உக்காந்ததும் நாடியும் சீக்கிரம் இறங்கிச்சுன்னா ஆடலாம்" என்றார் டாக்டர் யாமித். "நடக்கும்போது உங்க நெஞ்சுல காத்து வெளிய போகாம தேங்கிடுது. இதயம் விரிய எடம் பத்தல. ஒவ்வொரு துடிப்புக்கும் கொஞ்சமாத்தான் ரத்தத்தத் தள்ளுது. அதான் வேகமா அடிச்சு ஈடு கட்டப் பாக்குது."

விரலில் நாடி பார்க்கும் கருவியை மாட்டி நர்ஸ் வராந்தாவில் நடக்கவிட்டாள். ஆரம்பித்தது கூத்து. காத்திருந்த ஒவ்வொருவரிடமும் நின்று, கை கொடுத்து, "அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா? கோழி முட்டை வைக்குதா?" என்று கேட்காமல் பெலார்மினா நகரவில்லை. எங்கள் ஊரில் விசாரிக்காமல் ஒருத்தரைக் கடந்து போனால் திமிர் பிடித்தவள் என்று பேராகிவிடும். ஆறு நிமிஷத்தில் நூற்றுப்பத்து மீட்டர்.

டாக்டர் உள்ளேயிருந்து வந்து நர்ஸ் எழுதிய தாளைப் பார்த்தார். "எட்டுத் தடவ நின்னிருக்காங்க. மூச்சு தாங்கல. ஆட்டம் வேண்டாம்."

பெலார்மினாவின் முகம் செத்துப்போனது. எனக்கு வந்ததே கோபம். "மூச்சு வாங்கி நிக்கல டாக்டர், மரியாதைக்கு நின்னாங்க. இன்னொரு தடவ நடக்க விடுங்க."

அரைமணி ஓய்வு கொடுத்தார். அதற்குள் நான் வராந்தா முழுக்கப் போய், "அவங்க வரும்போது முகத்தத் திருப்பிக்குங்க" என்று கெஞ்சினேன். மொத்தக் கூட்டமும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது, பாதிரியார் உட்பட. அடக்கிய சிரிப்பில் முதுகெல்லாம் குலுங்கின. நடுவில் பெலார்மினா உதட்டைக் கடித்துக்கொண்டு போகிறாள், வருகிறாள். எனக்குச் சிரிப்பு வந்தாலும் அவள் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

முந்நூற்று இருபது மீட்டர். நாடி நூற்று முப்பத்தெட்டு. உட்காரவைத்து ஒரு நிமிஷம் எண்ணினார்கள். நூற்றுப் பதினெட்டு. இருபது இறங்கிவிட்டது.

"ஊர்வலத்துல ஒரே ஒரு தெரு மட்டும் ஆடுங்க. மூச்சு முட்டினா உடனே உக்காந்துடணும்" என்றார் டாக்டர், அவரும் சிரித்துக்கொண்டே.

பெலார்மினா எழுந்துபோய் ஒவ்வொரு முதுகாகத் தட்டித் திருப்பி, விட்டுப்போன விசாரிப்பையெல்லாம் முடித்தாள். கடைசியில் என்னிடம் வந்தாள்.

"ஊரே திரும்பி நின்னுது. நீ மட்டும் ஏண்டி என்னையே பாத்துக்கிட்டு நின்ன?"

"நானும் திரும்பிட்டா, நீங்க விழுந்தா யாரு பிடிக்கறது, அக்கா?"

என் கையைப் பிடித்தவள், வீடு வந்து சேரும்வரை விடவில்லை.